சாவா மூவாப் பேராடும் குட்டியோட காதும்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு வர்றவங்க நந்தியைப் பார்ப்பீங்க, விமானத்தை அண்ணாந்து பார்ப்பீங்க. அங்க கல்லுல ஓர் ஆட்டுக்கணக்கும் இருக்கு. ராஜராஜன் காலத்துக் கணக்கு. ஒரு விளக்கு அணையாம எரியறதுக்கு 96 ஆடு. ஆடு இல்லேன்னா 48 பசு, அதுவும் இல்லேன்னா 16 எருமை. அதை வாங்கிக்கிட்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். ஆட்டை ஏத்துக்கிட்ட இடையர்கள் பேரையும் அங்கேயே வெட்டி வெச்சிருக்காங்க. இப்படி விளக்குக்கு விட்ட ஆட்டுக்குச் சோழர் காலக் கல்வெட்டுகள்ல ஓர் அழகான பேரு உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாது, கிழடும் ஆகாது.

சாகாத ஆடு எங்க இருக்கு? சூட்சுமம் குட்டியில இருக்கு. ஆடு சாகும், கிழடாகும். அந்த இடத்துக்குக் குட்டி வளர்ந்து வரும். எண்ணிக்கை மட்டும் 96லயே நிக்கும். அதாவது, குட்டி பிழைச்சாத்தான் விளக்கு எரியும். அந்தக் குட்டிக்கு வர்ற தொல்லைகள்ல வெளியில சின்னதாத் தெரியுற ஒண்ணு, காதுல ஏறுற உண்ணி.

உண்ணி ஏன் காதைத் தேடிப் போகுது? காதுமடலுக்குள்ள முடி குறைவு, தோல் மெல்லிசு, ரத்தம் மேலாகவே ஓடுது. தாயாடு உடம்பெல்லாம் நக்கிவிடும், காதுக்குள்ள நாக்கு எட்டாது. அரிப்பு தாங்காம குட்டி தலையை உதறும், பின்னங்காலால சொறியும், கம்பத்துல உரசும். சொறிஞ்ச இடம் புண்ணாகும். புண்ணுல ஈ முட்டை வெச்சா புழு. ரத்தமும் போய், பாலும் சரியாக் குடிக்காம குட்டி இளைச்சுடும்.

இங்கதான் கிடையைப் பத்திச் சொல்லணும். சம்பா, தாளடி அறுப்பு முடிஞ்சதும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் செம்மறி மந்தையோட டெல்டாவுக்கு வருவாங்க. சு. தமிழ்ச்செல்வியோட ‘கீதாரி’ நாவல் படிச்சவங்களுக்கு இந்த வாழ்க்கை தெரிஞ்சிருக்கும். ராத்திரி வயல்ல ஆட்டை மடக்கிக் கிடை போடுவாங்க. புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு எரு. ஒரே இடத்துல போட்டா எரு ஒரே இடத்துலதான் சேரும்னு, கிடையை இடம் மாத்திக்கிட்டே போவாங்க.

எருவுக்காகத்தான் மாத்துறது. ஆனா உண்ணியோட பிழைப்பைப் பார்த்தா அதுல இன்னொரு லாபமும் தெரியும். ரத்தம் குடிச்சு ஊதின பெட்டை உண்ணி கீழ விழுந்து, மண்ணுலயோ சுவர் வெடிப்புலயோ ஆயிரக்கணக்குல முட்டை போடும். குஞ்சு வெளியே வரச் சில வாரம் ஆகும். வந்ததும் ஆட்டுக்காகக் காத்துக்கிடக்கும். அதுக்குள்ள கிடை எத்தனையோ வயல் தாண்டிப் போயிருக்கும். காத்துக்கிடந்த குஞ்சுல நிறைய பட்டினியிலேயே போகும். அப்புறம் கோடை உழவு, ஆத்துல தண்ணி வந்து சேத்துழவு. மேய்ச்சல்ல ஒட்டிக்கிட்டு வர்ற உண்ணி வரத்தான் செய்யும், ஆனா படுக்குற இடத்துலயே பெருகாது.

மருந்தோட வரலாறு வேற பாதையில போச்சு. இங்கிலாந்துல வில்லியம் கூப்பர் 1852ல ஆட்டை முக்கி எடுக்குற மருந்தைக் கொண்டுவந்தார். ஆர்சனிக்கும் கந்தகமும் கலந்தது. ஆர்சனிக்குக்கு உண்ணி பழகிப்போச்சு. அடுத்து டி.டி.டி., பி.எச்.சி. பவுடர் வந்துச்சு. பி.எச்.சி.யை இந்தியாவுல 1997ல தடை பண்ணாங்க. 1981ல ஐவர்மெக்டின் விற்பனைக்கு வந்துச்சு. ஜப்பான் மண்ணுல சதோஷி ஓமுரா எடுத்த நுண்ணுயிர்தான் அதுக்கு மூலம். அவருக்கும் வில்லியம் கேம்ப்பெலுக்கும் 2015ல நோபல் பரிசு. எல்லாம் பெரிய சாதனைதான். ஆனா மருந்து ஆட்டு மேல இருக்கு, முட்டை தரையில கிடக்கு.

இப்ப கிடை குறைஞ்சு போச்சு. மூட்டை உரம் வந்தாச்சு, மேய்ச்சல் நிலம் சுருங்கியாச்சு. ஆடுங்க நிரந்தரக் கொட்டகைக்குள்ள வந்துருச்சு. விழுற உண்ணிக்கும் அதே கொட்டகைதான், பிறக்குற குட்டிக்கும் அதே கொட்டகைதான்.

சென்னையிலயும் பெங்களூருலயும் வேலை பார்த்துக்கிட்டு, சொந்த ஊர்ல பத்து ஆடு வாங்கி விட்டிருக்கிற நண்பர்கள் நிறைய பேர் இருக்கீங்க. உங்களுக்கு நாலு விஷயம். சுவர் வெடிப்பை அடைச்சு, கூட்டி அள்ளிச் சுண்ணாம்பு அடிங்க. குட்டி அடைக்கிற கூட்டை இடம் மாத்திக்கிட்டே இருங்க. தாய்கிட்ட பால் குடிக்க விடுறப்போ ரெண்டு காதையும் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்க. காதுல நாத்தமோ சீழோ இருந்தா, குட்டி தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு நடந்தா, மண்ணெண்ணெய் மாதிரி எதையும் உள்ள ஊத்தாதீங்க. கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க. ஒரத்தநாட்டுலயே 2012லேர்ந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. ஊசியா, பூச்சு மருந்தா, எவ்வளவுன்னு குட்டியோட எடையைப் பார்த்து அவங்க சொல்லணும்.

மருந்து வாங்குற காசுல கொஞ்சம் தரைக்கும் செலவு பண்ணுங்க. கிடை நகராத காலத்துல, உண்ணியை நகர்த்துற வேலை நம்மகிட்ட வந்துருச்சு.