தத்துக்குக் காத்திருந்த பிள்ளைகள்: புதுச்சேரியின் இரு நூற்றாண்டுச் சட்ட வரலாறு

1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டப்படி ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. தத்தெடுப்பவர் 50 வயதைக் கடந்திருக்க வேண்டும். அவருக்குப் பிள்ளை இருக்கக் கூடாது. தத்துப்பிள்ளை சிறுவயதில் குறைந்தது ஆறு ஆண்டுகள் அவருடைய பராமரிப்பில் வளர்ந்திருக்க வேண்டும். அப்படி வளர்ந்தாலும், மேஜரான பிறகுதான் தத்து செல்லுபடியாகும். சொத்துக்கு வாரிசு வேண்டும் என்ற கவலையே இச்சட்டத்தில் தெரிகிறது. வளரும் பிள்ளைக்கு ஒரு வீடு வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை. 1819 ஜனவரியில் இச்சட்டம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் உள்ளூர் மக்களின் குடும்ப வழக்குகளை அவரவர் சாதி வழக்கப்படியே தீர்க்க வேண்டும் என்ற விதியும் உடன் வந்தது. எது வழக்கம் என்று நீதிமன்றத்துக்குச் சொல்ல 1827இல் ஓர் ஆலோசனைக் குழு அமைந்தது.

வழக்கப்படியான சுவீகாரத்தில் தாமதம் கிடையாது. பெற்றவர் கொடுக்க, மற்றவர் வாங்க, ஹோமத்தோடு காரியம் முடிந்துவிடும். குலம் தழைக்கவும் கொள்ளி வைக்கவும் ஆண்பிள்ளை வேண்டியிருந்தது. ஆனால் பெற்றவர் யாரென்றே தெரியாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தையைத் தாரைவார்க்க யார் இருந்தார்கள்? யாருக்குக் குடும்பம் மிகவும் தேவையோ, அந்தக் குழந்தைக்கு இரண்டு சட்டங்களுமே கதவைத் திறக்கவில்லை. அத்தகைய பிள்ளைகளைக் கிறிஸ்தவத் துறவியர் மடங்களும் உறவினரும் அக்கம்பக்கத்தாருமே வளர்த்தனர். சோறும் படிப்பும் கிடைத்தன. மகன், மகள் என்ற உரிமை கிடைக்கவில்லை.

1881ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்த 'ரெனோன்சான்' குடும்பங்கள் முழுவதுமாகப் பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வந்தன. பிரான்சிலோ, முதல் உலகப் போர் விட்டுச்சென்ற அனாதைகளுக்காக 1923இல்தான் மைனர்களைத் தத்தெடுக்க அனுமதி பிறந்தது.

புதுச்சேரி 1954இல் இந்தியாவோடு இணைந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டில் நிறைவேறியது. அதே ஆண்டு, இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் செய்த திருத்தம், கைவிடப்பட்ட குழந்தையையும் பெற்றோர் தெரியாத குழந்தையையும் நீதிமன்ற அனுமதியோடு காப்பாளர் தத்துக் கொடுக்க வழிசெய்தது. 1963இல் இச்சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோது ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று விலக்கப்பட்டது. இந்தியாவில் கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்கு 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டமே பொது வழியாக இருந்தது. அது தரும் உறவு பிள்ளை மேஜரானதும் முடிந்துவிடும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2006 திருத்தமே எல்லா மதத்தாருக்கும் முழுமையான தத்தெடுப்பைத் திறந்துவிட்டது.

சட்டத்தில் இருந்த தடை நீங்கியபின் காத்திருப்பு கோப்புக்கு இடம்மாறியது. கண்டெடுத்த குழந்தை முதலில் குழந்தைகள் நலக் குழுவின் முன் வர வேண்டும். பிறகு பத்திரிகையில் படத்தோடு அறிவிப்பு, பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் அறிக்கை, சமூக விசாரணை. இவை முடிந்தால்தான் 'சட்டப்படி தத்துக்குத் தகுதி' என்ற உத்தரவு வரும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இதற்கு இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இரண்டு மாதமும், மூத்த குழந்தைக்கு நான்கு மாதமும் கெடு வைத்தது. பெற்றவர்களே ஒப்படைத்த குழந்தையானால், அவர்கள் மனம் மாற இரண்டு மாதம் உண்டு. அந்த அவகாசம் நியாயமானது. வறுமையால் பிள்ளையைப் பிரியும் தாய்க்கு அதுதான் கடைசி வாய்ப்பு. போலீஸ் அறிக்கை வராமல் முடங்கும் மாதங்களுக்கு அப்படி எந்த நியாயமும் இல்லை.

அந்த மாதங்கள் குழந்தைக்குப் பெரிய காலம். ருமேனியாவின் காப்பகக் குழந்தைகளிடம் 2000 முதல் நடந்த ஆய்வில், இரண்டு வயதுக்குமுன் குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் பிந்திப் போனவர்களைவிட நன்கு தேறினர். வயது ஏற ஏறக் கேட்டு வருவோரும் குறைகிறார்கள், ஏனெனில் பெரும்பாலோர் கேட்பது கைக்குழந்தையை.

2022இல் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கைப்படி, நாட்டில் தத்தெடுக்கப் பதிவுசெய்து காத்திருந்தோர் 27,939 பேர். காப்பகங்களில் தத்துக்கு ஏற்றவர்களாகக் கருதப்பட்ட குழந்தைகள் 6,996 பேர். அவர்களில் உத்தரவு பெற்றவர்கள் 2,430 பேர் மட்டுமே. நீதிமன்றங்களில் வழக்குகள் தேங்குவதைக் காரணம் காட்டி, 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் மாறியது. நலக் குழுவின் தகுதி உத்தரவோ அதற்கு முந்தைய கட்டம். அந்தத் தாமதத்தை இந்த மாற்றம் தொடவில்லை.