காற்றுக்கு எதிராக ஒரு பெருக்கல் குறி

ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டோடு ஒரகடம் பக்கம் வந்துவிட்டேன். காலை நடையில் கண்ணில் படுவதெல்லாம் நீள நீளமான ஷெட்டுகள்தான். 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ கார் வந்தது. 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் சேன் கோபேன் கண்ணாடி, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான். 1665-இல் பதினான்காம் லூயி காலத்தில் தொடங்கிய சேன் கோபேன் நம் ஊர்ப் பக்கமே வந்து சேரும் என்று, புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் நான் நினைத்ததில்லை.

ஆலை ஷெட்டின் பக்கச் சுவரில் தகடு அடிக்கும் முன் பார்த்தால், இரண்டு தூண்களுக்கு நடுவே பெருக்கல் குறி மாதிரி குறுக்குக் கம்பிகள் தெரியும். இன்ஜினியர்கள் பிரேசிங் என்பார்கள். பிரெஞ்சில் அதற்குப் பெயர் கோந்த்ரவாந்த்மான். 'கோந்த்ர்' என்றால் எதிர், 'வான்' என்றால் காற்று. வேலை என்ன என்பது பெயரிலேயே இருக்கிறது. அந்தப் பெருக்கல் குறிக்குப் புனித அந்திரேயாவின் சிலுவை என்றும் பெயர். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பெலவேந்திரர் என்று சொல்வார்களே, அவர்தான். அப்படிப்பட்ட சிலுவையில் அறையப்பட்டார் என்பது மரபு.

ஷெட் அகலவாட்டில் தானே உறுதியாக நிற்கும். நீளவாட்டில் அப்படியில்லை. ஓரத்தில் தாங்கல் இல்லாத அலமாரிப் புத்தகங்கள் மாதிரி, ஒரு தூண் சாய்ந்தால் வரிசையே சாயும். அதைத் தடுப்பதுதான் இந்தக் குறுக்குக் கம்பி. அப்படியானால் இரண்டு கோடியிலும் இறுக்கிக் கட்டிவிடலாமே என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் இரும்பு ஷெட் வேலை பார்ப்பவர். "வெயிலை மறந்துட்டீங்களே மாமா" என்றார்.

180 மீட்டர் இரும்பு 30 டிகிரி சூடேறினால் சுமார் 65 மில்லிமீட்டர் நீளும். இரண்டு கோடியையும் கட்டிவிட்டால் அது எங்கே போகும்? தூணையும் போல்ட்டையும் நெருக்கும். நடுவில் கட்டினால் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று சிரமமில்லாமல் நீளும். 1889 பாரிஸ் பொருட்காட்சிக்குக் கட்டிய இயந்திரக் கூடம் சுமார் 420 மீட்டர் நீளம். அதன் பிரம்மாண்டமான வளைவுகளுக்கு அடியில் இரண்டும் உச்சியில் ஒன்றுமாகக் கீல் வைத்தார்கள். சூட்டில் வளைவு அசைந்து கொடுக்க அந்தக் கீல்கள் இடம் தந்தன. ஈஃபில் கோபுரத்தை வைத்துக்கொண்டார்கள், இந்தக் கூடத்தை இடித்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான்.

நம் நாட்டு விதிநூல் ஐ.எஸ். 800, 1984 பதிப்பிலும் 2007 பதிப்பிலும் இதற்கு ஒரு கணக்கு சொல்கிறது. நடுவில் ஒரே ஒரு பிரேசிங் என்றால், மூடிய ஷெட்டின் ஒரு துண்டு 180 மீட்டருக்குள் இருப்பது நல்லது. இரண்டு வைத்தால் அவற்றுக்கிடையே உள்ள தூரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் நீளமென்றால் ஷெட்டை வெட்டி, இடைவெளி விட்டு, இரட்டைத் தூண் நிறுத்துகிறார்கள். அதுதான் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட். 2002-இல் சென்னை நிலநடுக்க மூன்றாம் மண்டலத்துக்கு ஏறிய பிறகு, அதிரும்போது துண்டுகள் ஒன்றையொன்று இடிக்காத அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்பதையும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியதாயிற்று.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கட்டடம். உள்ளே இரண்டு. ஒன்றின் பிரேசிங் மற்றதைத் தாங்காது, ஏனென்றால் இடைவெளியைத் தாண்டி விசை போகாது. இதை ஒரு கிடங்குக்காரர் புரிந்துகொள்ளவில்லை. லாரி வாசல் வேண்டுமென்று ஒரு துண்டின் நடுவில் இருந்த குறுக்குக் கம்பியைக் கழற்றச் சொன்னார். "அடுத்த பாதியிலதான் இருக்கே, அது பிடிச்சுக்காதா?" என்று கேட்டாராம். வாசல் விட வழி உண்டு. கம்பிக்குப் பதில் கதவு நிலைபோல் கனமான சட்டம் வைத்தால் லாரியும் போகும், தூணும் நிற்கும். செலவைப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டார். மாப்பிள்ளை மறுத்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வேறு ஆளை வைத்துக் கழற்றினார்கள்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். சென்னைப் பகுதிக்கு விதிநூல் வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர். அன்றைக்கு அந்தக் கிடங்கில் அடித்தது அவ்வளவு இருந்திருக்காது என்பார் மாப்பிள்ளை. ஆனாலும் கம்பி இல்லாத பாதி நீளவாட்டில் சாய்ந்து கூரை இறங்கிவிட்டது. உள்ளே இருந்த காவலாளி, தகடு கிழியும் சத்தம் கேட்டு ஓடி வந்ததால் தப்பினார்.

மறுவாரம் மாப்பிள்ளையோடு போய்ப் பார்த்தேன். இரட்டைத் தூணில் ஒன்று சாய்ந்து கிடந்தது. ஒரு சாண்கூட விலகாத அதன் ஜோடி நேராக நின்றது. அந்தப் பாதியின் நடுவில் பெலவேந்திரர் சிலுவை அப்படியே இருந்தது, பெயின்ட்கூட உரியவில்லை.