கருத்தும் கோடும்: டேவிட் லோவின் அவுஸ்திரேலிய ஆண்டுகளும் தமிழ்க் கருத்துப்பட மரபும்

‘கார்ட்டூன்’ என்பது தடித்த தாளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் வழிவந்தது. சுவரோவியம் தீட்டுவோர் முதலில் தாளில் அமைத்துக்கொள்ளும் முன்வரைவுக்கே அது பெயராக இருந்தது. 1843இல் இலண்டன் பாராளுமன்றக் கட்டடத்துக்கான சுவரோவிய முன்வரைவுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றை எள்ளும் நோக்குடன் ‘பஞ்ச்’ இதழ் ஜோன் லீச் வரைந்த படங்களுக்கு அப்பெயரைச் சூட்டியது; பெயர் நிலைத்துவிட்டது. அச்சொல்லில் தாளும் வரைவும் உண்டு, எண்ணத்துக்கு இடமில்லை. தமிழில் இக்கலைக்கு வழங்கும் பெயர்களுள் கேலிச்சித்திரம் என்பது நகையை முன்னிறுத்துகிறது. கருத்துப்படம், கருத்தோவியம் என்பன எண்ணத்தை முன்னிறுத்துகின்றன.

படத்துக்கு முன் கருத்துப் பிறக்கிறதெனின், அக்கருத்து யாருடையது, அதன் விளைவுக்குப் பொறுப்பாளர் யார் என்னும் வினாக்கள் எழுகின்றன. டேவிட் லோ (1891–1963) சிட்னி இதழொன்றுக்காக மெல்பேர்ணிலிருந்து வரைந்த காலத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாக்களை ஆராய்கிறது. லோவின் படங்கள் பின்னாளில் சென்னை ‘தி ஹிந்து’ நாளிதழின் வழியே தென்னிந்திய வாசகரை அடைந்தமையால், தமிழ் இதழியல் வரலாற்றுக்கும் இவ்வாய்வு புறம்பானதன்று.

‘புலட்டின்’ இதழும் கோட்டின் சிக்கனமும்

1880இல் ஜே. எஃப். ஆர்ச்சிபால்டும் ஜோன் ஹெய்ன்ஸும் சிட்னியில் தொடங்கிய ‘த புலட்டின்’ வார இதழ், வாசகர் அனுப்பும் துணுக்குகளையும் நகைச்சுவைகளையும் பெருமளவில் ஏற்றுச் செப்பனிட்டு வெளியிட்டது. கருத்து ஒருவரிடமும் கோடு வேறொருவரிடமும் இருப்பது அத்தகைய இதழுலகில் இயல்பான வழக்காயிருந்தது. அமெரிக்காவிலிருந்து லிவிங்ஸ்டன் ஹொப்கின்ஸும், இங்கிலாந்திலிருந்து பில் மேயும் 1880களில் அவ்விதழுக்கு வரவழைக்கப்பட்டனர். பின்வந்த ஓவியர் மீது மேயின் தாக்கமே ஆழமானது. நிழற்கோடுகளால் படத்தை நிரப்பும் விக்டோரியக் காலப் பாணியை விடுத்து, இன்றியமையாத சில கோடுகளால் ஒரு மனிதனை நிறுத்திக் காட்டும் சிக்கனத்தை அவர் கைக்கொண்டார். இந்தக் கோட்டு மரபைப் பயின்று வளர்ந்தவர்களுள் லோவும் ஒருவர்.

ஆயினும் அச்சிக்கனம் மாசற்றதன்று. 1886இல் ‘புலட்டின்’ வெளியிட்ட ‘மங்கோலிய எண்காலி’ என்னும் படத்தை வரைந்தவரும் மேயே. சீனக் குடியேறிகளை ஒரே எண்காலியாக உருவகித்து, அதன் ஒவ்வொரு கரத்திலும் ஒரு தீமையைச் சுமத்திய படம் அது. ஒரு மனிதனின் இயல்பைச் சில கோடுகளில் பிடிக்கும் திறன், ஓர் இனம் முழுவதன் முகத்தையும் சில கோடுகளில் அழிக்கவும் வல்லது என்பதை அது காட்டிற்று. ‘அவுஸ்திரேலியா வெள்ளையனுக்கே’ என்னும் பொருள்பட்ட முழக்கத்தை 1908 முதல் அரை நூற்றாண்டுக்கு மேலாக அவ்விதழ் தன் முகப்பிலேயே தாங்கி நின்றது. 1901ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆசியருக்குக் கதவை அடைத்திருந்த நாட்டில், அத்தகைய படங்களும் அந்தக் கதவுக்குத் தாழாயின.

மெல்பேர்ணில் லோ

நியூசிலாந்தின் டனீடினில் பிறந்த லோ, 1911இல் தம் இருபதாவது வயதில் ‘புலட்டின்’ பணிக்காக அவுஸ்திரேலியா வந்தார். இதழின் தலைமையகம் சிட்னியில் இருந்தது. ஆனால் கூட்டாட்சிப் பாராளுமன்றம் 1901 முதல் 1927 வரை மெல்பேர்ணிலேயே கூடியது. அரசியலை நேரில் நோக்கி வரைய வேண்டியவருக்கு மெல்பேர்ணே களமாயிற்று. மாந்தரைத் தம்முன் அமர்த்தி வரைவதைவிட, அவர் தம்மியல்பில் பேசி நடமாடும்போது கூர்ந்து நோக்கிப் பின்னர் நினைவிலிருந்து வரைவதே லோவுக்கு உகந்த முறை. நினைவு ஒரு வடிகட்டி. மிகையானவற்றை அது கழித்துவிடும். எஞ்சுவதே அம்மனிதரின் சாரம்.

1915இல் பிரதமரான வில்லியம் மொரிஸ் ஹியூஸ் இம்முறைக்கு ஏற்ற பாத்திரமாக வாய்த்தார். சிறிய உடல், மந்தமான செவி, வெடிக்கும் சினம் ஆகியன ஓவியருக்குக் கிடைத்த புறக்கூறுகள். லோ அவற்றோடு நிற்கவில்லை. 1916இல் வெளிவந்த ‘பேரரசு மாநாடு’ என்னும் படத்தில், ஹியூஸின் ஆர்ப்பாட்டத்தால் பிரித்தானிய அமைச்சரவை அறை அதிர்கிறது. அவருடன் வேல்ஸ் மொழியில் பேசி அமைதிப்படுத்துமாறு பிரதமர் அஸ்குவித், லொயிட் ஜோர்ஜை வேண்டுகிறார். ஹியூஸ், லொயிட் ஜோர்ஜ் இருவரும் வேல்ஸ் குடும்ப மரபினர் என்னும் செய்தியை அறிந்தாலன்றி நகை முழுமையடையாது. கோடு ஆரவாரத்தைக் காட்டுகிறது. படத்தின் கீழமைந்த ஒரு தொடரே அதனை அரசியல் ஆக்குகிறது. எழுத்தும் ஓவியமும் ஒரே சிந்தனையின் இரு கைகளாகச் செயற்படும் முறைக்கு இப்படம் தக்க சான்று.

கட்டாய இராணுவ சேவைக்கு இசைவு கோரி ஹியூஸ் அரசு 1916இலும் 1917இலும் நடத்திய இரு பொது வாக்கெடுப்புகளும் தோல்வியுற்றன. அக்காலத்துப் படங்களின் தொகுப்பாக 1918இல் ‘த பில்லி புக்’ வெளிவந்தது. நாவலாசிரியர் ஆர்னால்டு பென்னட்டின் பாராட்டு லோவுக்கு இலண்டன் வாயிலைத் திறக்க, 1919இல் அவர் அவுஸ்திரேலியாவை விட்டு நீங்கினார்.

கலையும் பொறுப்பும்

1927இல் பழைமைவாதச் சார்புடைய பீவர்புரூக் பிரபுவின் ‘ஈவினிங் ஸ்ராண்டர்ட்’ நாளிதழில் சேர்ந்தபோது, பொருளைத் தெரிவு செய்யும் சுதந்திரத்தை ஒப்பந்தத்திலேயே லோ உறுதிசெய்துகொண்டார். இதழின் கொள்கைக்கு மாறான கருத்தை அவ்விதழிலேயே வரையும் உரிமை அது. தாம் ஒரு கை மட்டுமல்லர், ஒரு கருத்தாளர் என்பதே அவ்வொப்பந்தத்தின் உட்பொருள். எளிதில் வரைந்ததுபோல் தோன்றும் படம் நெடுநேர உழைப்பின் பயன் என்பதும் அவர் உறுதியாகக் கொண்ட கொள்கை.

சர்வாதிகாரியைக் குருதி தோய்ந்த அரக்கனாக வரைவது அவனுக்கு உவப்பையே தரும். அவன் ஒரு மூடன் என்று உலகம் அறிவதையே அவன் அஞ்சுவான் என்பது லோவின் தெளிவு. 1937இல் ஜெர்மனிக்குச் சென்ற ஹாலிபக்ஸ் பிரபுவிடம் லோவின் படங்கள் குறித்து நாசித் தலைமை முறையிட்டமை அத்தெளிவை மெய்ப்பித்தது. 1934இல் அவர் படைத்த ‘கேணல் பிளிம்ப்’ ஒரு வகைமாதிரியே. எனினும் அது ஓர் இனத்தின் வகைமாதிரியன்று, ஒரு சிந்தனைச் சோம்பலின் வகைமாதிரி. எண்காலிக்கும் பிளிம்புக்கும் இடையிலான தொலைவே கருத்துப்படத்தின் அறத்தை அளக்கும் கோல்.

அக்கோலுக்கு லோவும் விலக்கல்லர். 1941இல் யப்பானை மரத்தில் தொங்கும் குரங்காக அவர் வரைந்தார். இட்லரையும் முசோலினியையும் தனிமனித மூடர்களாகக் காணக் கற்றிருந்த கண், ஆசியாவை நோக்கியபோது மீண்டும் ‘புலட்டின்’ காலப் பார்வைக்கே திரும்பியது. கருத்துத் தம்முடையதே என உரிமை கோரியவர் அக்கருத்தின் குறைக்கும் உரியவராகிறார்.

தமிழ்ச் சூழல்

1906இல் சென்னையில் தொடங்கி, 1908 முதல் புதுச்சேரியிலிருந்து வெளிவந்து, 1910இல் நின்றுபோன ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்டார். அங்குக் கருத்தும் விளக்கவுரையும் எழுத்தாளருடையவை, கோடு ஓவியருடையது. ஆ. இரா. வேங்கடாசலபதி 1994இல் அப்படங்களைத் தொகுத்து வெளியிட்டபோது நூலுக்குப் ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ எனப் பெயர் அமைந்தது. வரைந்தவரால் அன்றி, கருதியவராலேயே அப்படங்கள் அறியப்படுகின்றன.

மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆர். கே. லக்ஷ்மண் (1921–2015) சிறுவயதில் ‘தி ஹிந்து’வில் லோவின் படங்களைக் கண்டு வியந்தவர். லோவின் ஒப்பத்தை ஆங்கிலத்தில் பசுவைக் குறிக்கும் சொல்லாக அவர் நெடுநாள் பிழையாக வாசித்து வந்தார். தமையனார் ஆர். கே. நாராயணின் கதைகளுக்கு ஓவியம் வரைந்தபோது பிறருடைய எழுத்துக்குக் கோடு வழங்கியவர், பின்னர் ‘டைம்ஸ் ஆப் இந்தியா’வில் தம் கருத்துக்கே கோடு வழங்கினார். பெரும்பாலும் வாய் திறவாத அவருடைய ‘சாமானிய மனிதன்’ பிளிம்பின் மறுதலை. பிளிம்ப் சிந்தியாமல் பேசுகிறார். இவர் பேசாமல் சிந்திக்கிறார். ஈழத்தில் சி. சிவஞானசுந்தரம் 1963இல் ‘சிரித்திரன்’ இதழைத் தொடங்கி, ஆசிரியரும் ஓவியரும் தாமே ஆனார்.

கருத்தின் பொறுப்பு ஏட்டளவில் நிற்பதன்று. 1987இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் வந்த அரசியல் நகைச்சுவைக்காகத் தமிழ்நாட்டுச் சட்டப் பேரவை, இதழாசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எழுந்த எதிர்ப்பினால் சில நாள்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். வரைந்த கையைத் தேடாமல், வெளியிட்ட பொறுப்பையே அன்று அதிகாரம் தேடியது.

கருத்துப்படம் என்னும் தமிழ்ப் பெயர் இவ்வரலாற்றோடு பொருந்தி நிற்கிறது. கோட்டின் சிக்கனத்தைப் பில் மேயிடமிருந்தும், கருத்தின் உரிமையை லோவிடமிருந்தும் கற்கலாம். அவ்விருவரின் பிழைகளிலிருந்து கற்க வேண்டியதும் உண்டு. ஒரு காலத்தில் தம் போன்றோருக்குக் கதவடைத்த அதே சிட்னியிலும் மெல்பேர்ணிலும் இன்று தமிழர் வாழ்ந்து, எழுதி, வரைகின்றனர். ஒரு மக்கட்கூட்டத்தைச் சில கோடுகளில் சுருக்குமுன் அக்கருத்து யாருடையது, அது யாரைத் தாக்கும் என்று வினவும் கடமை, எண்காலியாக வரையப்பட்டோரின் பக்கத்தில் நிற்கும் அவர்களுக்கே முதலில் விளங்கக்கூடியது.