பசை காய்ந்த பக்கம்

தீப்பெட்டி லேபிள் ஒன்று கைக்கு வந்தால் முதலில் படத்தைப் பார்க்க மாட்டேன். திருப்பிப் போட்டு முதுகைப் பார்ப்பேன். முதுகு வெள்ளையாக இருந்தால் அது பெட்டி ஏறாத லேபிள், அச்சகத்திலிருந்து நேராக வந்தது. பழுப்பேறி, பசைக் கறையும் மரச்சீவலின் நாரும் ஒட்டியிருந்தால் அது கடைக்குப் போய் அடுப்படி பார்த்தது. சேகரிப்பவர்கள் முதலாவதைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெறுமானம்.

சிவகாசியில் ஆப்செட் அச்சகம் ஒன்றில், அச்சான தாளைப் பார்த்து நல்லதையும் கழிவையும் பிரிக்கும் வேலையில் இருந்தவள் நான். அதற்கு முன்பு, சின்னப் பிள்ளையாக, அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியவள். இந்தத் துண்டுக் காகிதத்தின் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம்.

சிவகாசி தீப்பெட்டி வருவதற்கு முன்னால் நம் கடைகளில் இருந்தவை சுவீடன் பெட்டியும் ஜப்பான் பெட்டியும். முதல் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு குறைந்தபோது ஜப்பான்காரர்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே அச்சாகி வந்த லேபிள்களில் நம்மூர்ச் சாமிகளே இருந்தார்கள்; ரவிவர்மா படங்களைப் பார்த்துப் போட்டவையும் உண்டு. 1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்குக் குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, 1 ரூபாய் 8 அணா வரி விழுந்தது. உள்ளூரில் செய்தால் கட்டுப்படியாகும் என்ற நிலை வந்தது. அதே ஆண்டில் சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று, 1923-இல் சிவகாசியில் தொடங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து தருவித்த இயந்திரம் சரிப்படவில்லை, கைவேலைக்கு மாறினார்கள். மழை பொய்க்கும் கரிசல் காட்டில் வேலைக்கு ஆளும் இருந்தது, குச்சி காய வெயிலும் இருந்தது. சுவீடன் கம்பெனியும் வரியைத் தாண்ட வழி கண்டது: அதே 1923-இல் விம்கோ என்ற பெயரில் இந்தியாவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

விம்கோவின் இயந்திரப் பெட்டியோடு கைவேலைப் பெட்டி போட்டியிட்டதில் லேபிளுக்குப் பெரிய பங்கு உண்டு. வாங்குகிறவருக்கு எழுத்துத் தெரியாது. ‘அணில் குடு’, ‘காக்கா குடு’ என்றுதான் கேட்பார். அய்ய நாடாருக்கு அணில், சண்முக நாடாருக்குக் காக்கா என்று பிற்பாடு ஆனது. அவரை ஊரே காக்கா சண்முக நாடார் என்றது. விம்கோவுக்குக் கப்பல். சிறுத்தையோடு ஓர் ஆள் மல்லுக்கட்டும் சீட்டா ஃபைட் பெட்டி எங்கள் வீட்டு அடுப்படியிலேயே கிடந்தது. எந்தப் படம் விற்றதோ அதற்குப் போலியும் கிளம்பியது. நிறம் அதே, கட்டம் அதே, பெயரில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருக்கும். சேகரிப்பவர்கள் போலியைக் கழித்துவிடுவார்கள். நான் எடுத்து வைப்பேன். எந்தச் சரக்கு எந்தக் காலத்தில் நன்றாக ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

லேபிளுக்காக வெளியூரை நம்பியிருக்க முடியாது என்றுதான் இங்கே லித்தோ அச்சகங்கள் வந்தன. பிறகு நாள்காட்டி, பட்டாசுப் பெட்டி என்று அச்சுத்தொழில் தனியாகவே வளர்ந்தது. பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த சாமிப் படங்கள் சிவகாசித் தாளில் ஏறித்தான் நாடெங்கும் சுவர்களுக்குப் போயின.

லித்தோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல், பிற்பாடு தனித் தகடு. நிறம் ஒன்றின்மேல் ஒன்று இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். அதை ரிஜிஸ்டர் என்போம். ரிஜிஸ்டர் விலகினால் கிளியின் சிவப்பு மூக்கைத் தாண்டி வெளியே நிற்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பழைய லித்தோவில் கையால் வைத்த புள்ளிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். ஆப்செட்டில் புள்ளிகள் வரிசையாக நிற்கும். ‘1930-ஆம் வருஷத்து லேபிள்’ என்று ஒருவர் நீட்டியதில் கோட்டுக்குள்ளேயும் வரிசைப் புள்ளி ஓடினால், அது பழையதைப் படம்பிடித்து அடித்த புதுச் சரக்கு.

வயதைச் சொல்ல முகவரியும் விலையும் போதும். ‘ராம்நாட் ஜில்லா’ என்றிருந்தால் 1985-க்கு முந்தியது. ‘காமராஜர் மாவட்டம்’ என்றால் அதற்குப் பிந்தியது. ‘விருதுநகர் மாவட்டம்’ 1997-க்குப் பிறகு. ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972-க்கு முன்னால் போகாது. நயா பைசாவில் விலை போட்டிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது.

இப்படி உற்றுப் பார்க்கும் பழக்கம் என் மகள் வயிற்றுப் பேரனுக்கும் உண்டு. அவனிடம் மாரியோ பொம்மை ஒன்று இருக்கிறது, விரல் உயரம்தான். வீடியோ கேமில் குதித்து ஓடுகிற அதே மீசைக்காரர். ஒருநாள் அதை எப்படி மதிப்பிடுவது என்று எனக்குப் பாடம் எடுத்தான். மீசைக் கறுப்பு கன்னத்தில் வழிந்திருக்கிறதா, கண்ணில் வைத்த வெள்ளை நேராக இருக்கிறதா, கைமூட்டு தளர்ந்திருக்கிறதா, பாதத்தடியில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். ரிஜிஸ்டர் பார்த்த கண்ணுக்கு அதெல்லாம் உடனே விளங்கிற்று. மாரியோவை உண்டாக்கிய நிண்டெண்டோ கம்பெனியே 1889-இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்து தொடங்கியது என்று சொன்னேன். அவன் அதைவிட முக்கியமான விஷயம் வைத்திருந்தான்: “டப்பாவைப் பிரிக்காமல் வச்சிருந்தாத்தான் அம்மாச்சி விலை. பிரிச்சுட்டா பாதிதான்.”

பொம்மைக்கு அது சரியாக இருக்கலாம். டப்பாவோடு கண்ணாடிப் பெட்டிக்குள் போகும் என்று தெரிந்தே செய்யப்படுகிற பொருள் அது. தீப்பெட்டி லேபிள் ஒட்டிக் கிழிந்து குப்பைக்குப் போவதற்காகச் செய்தது. ஒட்டாத லேபிளில் அச்சகத்தின் கதை மட்டும்தான் இருக்கிறது. தகடு இருந்தால் அதை இன்னொரு கட்டு அடித்துக்கொள்ளலாம், அடித்தும் இருக்கிறார்கள்.

ஒட்டிய லேபிளை அப்படித் திரும்ப உண்டாக்க முடியாது. 1934-இல் தீப்பெட்டிக்கு உள்நாட்டு வரி வந்தபோது பேண்டரோல் என்ற வரிச்சீட்டைப் பெட்டிமேல் ஒட்டச் சொன்னார்கள். அது கிழிந்த தடம் பெட்டி ஏறிய லேபிளில்தான் இருக்கும். ஓரம் கோணலாக இருந்தால் ஒட்டிய கை அவசரத்தில் இருந்திருக்கிறது. பெட்டிக் கணக்குக்குத்தான் கூலி. அந்தக் கை பல நேரம் சிறு பிள்ளையின் கை. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளைப் பிள்ளைகளுக்குக் கூடாதென்றது. அதற்குப் பிறகும் 1996-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் என்று முதலாளிகள் கட்ட வேண்டும் எனத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வரலாற்றை வெள்ளை முதுகு லேபிளில் தேடினால் கிடைக்காது.

இப்போது லேபிளே இல்லை. அட்டையிலேயே படம் அச்சாகிவிடுகிறது. 2007-இல் ஒரு ரூபாயான பெட்டி, 2021 டிசம்பர் 1-இல் இரண்டு ரூபாயானது. சேகரிக்கிற பிள்ளைகள் புது அட்டையை மடிக்காமல் வாங்கி உறைக்குள் போடுகிறார்கள். அதோடு, வீட்டில் தீர்ந்த பெட்டி ஒன்றையும் எடுத்து வையுங்கள். உரசி உரசித் தேய்ந்த மருந்துப் பட்டை, கடைக்காரர் பேனாவால் போட்ட கணக்கு எதையும் துடைக்காதீர்கள். அட்டையின் ஓரத்தில் வாங்கிய ஊரையும் தேதியையும் எழுதிவிடுங்கள். விலை குறையும் என்பார்கள், குறையட்டும்.