மடுவத்துத் தராசும் கிளினிக் தராசும்: மலையகத் தோட்டங்களில் உடம்பின் எடை பற்றிய எண்ணம் உருவான வரலாறு

மலையகத்தில் நெடுநாள் காணாத ஒருவரைச் சந்தித்தால் முதல் பேச்சு பெரும்பாலும் உடம்பைப் பற்றியதாக இருக்கும். "ஒடம்பு நல்லா தேறிட்டீங்க அக்கா" என்றால் அது வாழ்த்து. "என்னடி இப்புடி எளச்சுப் போயிட்ட" என்றால் கேட்பவளுக்குக் கவலை, கேட்கப்பட்டவளுக்கு வெட்கம். இளைத்த உடம்பு வீட்டு அடுப்பின் நிலையை ஊருக்கே சொல்லிவிடும். கொழும்பில் எடை கூடுவதே பெருங்கவலையாகிவிட்ட இந்தக் காலத்திலும் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்து லயங்களில் இந்தப் பேச்சு மாறவில்லை. இதைப் பழமையின் மிச்சம் என்று ஒதுக்குவது சரியாகாது. தோட்ட மக்கள் தம் உடம்பைப் பற்றி எண்ணும் விதத்தை இரண்டு தராசுகள் உருவாக்கின என்பது இக்கட்டுரையின் வாதம். ஒன்று கொழுந்து மடுவத்தில் தொங்கியது. ஒரு உடம்பிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை அளந்தது. மற்றது மிகவும் பிந்தி கிளினிக்குக்கு வந்தது. அந்த உடம்பையே அளந்தது. இரண்டாவது தராசின் முன் நிற்கும்போதும் மக்கள் மனத்தில் ஓடுவது முதல் தராசின் கணக்குதான்.

கோப்பிக் காலத்தில் உடம்பைப் பற்றிய கேள்வி உயிரோடு வந்து சேர்வதா இல்லையா என்பதாக இருந்தது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கியவர்கள் காட்டுப் பாதையில் நடந்தே மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. டாக்டர் கிறிஸ்டோபர் எலியட் நடத்திய கொழும்பு ஒப்சேவர், 1840களில் மாண்டவர்கள் 70,000 பேர் என்று 1849இல் மதிப்பிட்டது. தோட்டத்துரைமார் அதை மறுத்தார்கள். எண்ணிக்கையைப் பற்றி ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஆனால் பாதையோரத்தில் பிணங்கள் கிடந்ததை யாரும் மறுக்கவில்லை. 1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் வந்தது. ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் வந்தன. அவை வந்ததில் இரக்கம் இல்லாமல் இல்லை. என்றாலும் செத்த கூலியால் தோட்டத்துக்கு நட்டம் என்ற கணக்கே அவற்றை முன்னே தள்ளியது.

தேயிலை இந்தக் கணக்கை நுணுக்கமாக்கியது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1869இல் கோப்பியில் இலைநோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைகளின் பயிரே மாறிவிட்டது. கோப்பிக்குப் பழக்காலத்தில் மட்டும் ஆள் போதும். கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்க்கும், வாரத்துக்கொரு தடவையாவது மலையைச் சுற்றிவர வேண்டும். அதனால் குடும்பங்கள் நிலையாகத் தங்கின. பெண்ணின் கைகள் தோட்டத்தின் வருமானமாயின.

மடுவத்தில் நடப்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்க வேண்டும். இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கூடைக்கயிறு மாட்டி, காலை முழுவதும் செங்குத்தான மலையில் நின்றவள் நிறுவைக்கு வருகிறாள். கூடையைக் கொக்கியில் மாட்டுகிறாள். முள் ஆடி நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை ஒரு எண்ணைச் சொல்கிறார். அதிலிருந்து கூடைக்கென்றும், மழை நாளானால் ஈரத்துக்கென்றும், முற்றின இலைக்கென்றும் கழிவு போகிறது. மீதி, தோட்டம் நிர்ணயித்த எடைக்கு வந்தால் ஒரு பேர், அதாவது முழு நாட்கூலி; வராவிட்டால் அரைப்பேர். இன்றைக்கு அந்த நிர்ணயம் 16 கிலோ, 18 கிலோ, 20 கிலோ எனத் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். முன்பு ராத்தலில் இருந்தது. அளவு மாறினாலும் அந்த நொடி மாறவில்லை. காய்ச்சலோ மாதவிலக்கோ ஏழாம் மாதமோ எதையும் அந்தத் தராசு பார்க்காது. அன்று அவள் உடம்பு எப்படி இருந்தது என்பதற்கு மாலையில் மிஞ்சும் ஒரே சாட்சி அந்த எண்தான். ஆகவே நல்ல உடம்பு என்றால் வேகமான கை, வழுக்காத கால், சுமை தாங்கும் கழுத்து என்று ஆனது. அழகு இதற்குள்ளேதான் இடம் தேட வேண்டியிருந்தது.

என்.எஸ்.எம். ராமையாவின் "ஒரு கூடைக் கொழுந்து" என்ற சிறுகதை இதை அறிந்தவர் எழுதிய கதை. மற்றவர்களை மிஞ்சி ஒரு இளம்பெண் பறித்த கொழுந்தின் எடை அவள் மேலேயே சந்தேகமாக விழுகிறது. கணக்கப்பிள்ளை கூட்டிப் போட்டிருப்பார் என்று பேச்சு கிளம்புகிறது. மானத்தை மீட்க அவளிடம் இருப்பது அதே கைகள்தான். ஒரு பெண்ணின் ஒழுக்கமும் பெருமையும் தராசு முள்ளில் நிற்கும் உலகத்தை வேறெந்த ஆவணமும் இவ்வளவு துல்லியமாகப் பதிந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

சட்டமும் உடம்புகளைத் தரம் பிரித்தது. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நாட்கூலி வகுத்தார்கள். கூடவே அரிசி நிர்ணய விலையில் கொடுக்கப்பட்டது. அதே மலையில் அதே மழையில் நின்ற பெண்ணின் உடம்பு ஆணுடையதைவிட 11 சதம் குறைவானது என்று அரசே எழுதி வைத்தது. அந்த வேறுபாடு நீங்க 1984 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியாகவும் குறைவாகவும் சாப்பிடுகிறவளும் அவளே. லயத்துக் காம்பராவில் அப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் போட்ட பிறகு சட்டியில் ஒட்டியதுதான் தாய்க்கு. இதைச் சட்டம் உண்டாக்கவில்லை. ஆனால் குறைந்த கூலி அதற்கு ஒரு நியாயம்போல் துணை நின்றது.

"ரத்தம் இல்ல" என்ற பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேசச் சுகாதார சபை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவர்களின் தோலைத் துளைத்து ஏறும் இந்தப் புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். முகம் வெளிறும், மூச்சு வாங்கும், ஏற்றம் ஏற முடியாது. தைமோலும் கீனோபோடியம் எண்ணெயும் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். கக்கூஸ் இல்லாத லயங்களில் அது மறுபடி ஏறியது. சோமா ஹேவா தமது ஆய்வில் காட்டுவதுபோல், இந்த வேலை தோட்ட முதலாளிகளின் தேவையோடு பின்னியே நடந்தது. துரைமார் சோம்பல் என்று திட்டியதில் பெரும்பங்கு சோகை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் திட்டு நிற்கவில்லை. திட்டு வாங்கியவர்களின் மனத்திலிருந்தும் அது இறங்கவில்லை. இன்றும் களைப்பைச் சொல்லும் பெண் அதை ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்பவள்போல் தாழ்ந்த குரலில் சொல்வதைக் கேட்கலாம்.

உடம்பு வைப்பதை மக்கள் ஏன் வாழ்த்தாகக் கொள்கிறார்கள் என்பதற்கு 1973, 74ஆம் ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோன 1942 முதலே பங்கீடும் கோதுமை மாவும் தோட்டங்களுக்குள் வந்துவிட்டன. காலையில் தடித்த ரொட்டியும் சம்பலும் சாயத் தண்ணியும் என்ற வழக்கம் அந்தத் தட்டுப்பாட்டில் வேர்விட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் விலை ஏற, பங்கீட்டை அரசு குறைத்தது. அரிசி, மா, சீனி மூன்றும் எட்டாமல் போயின. கிராமத்தவருக்கு வயலோ பலாமரமோ இருந்தது. லயத்தவருக்குக் கதவுக்கு முன்னால் ஒரு சாண் காய்கறிப் பாத்தி. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையானபோது வேலை நாட்களும் குலைந்தன. 1948இலேயே குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இரு நாடுகளுக்கிடையே பங்கு பிரிக்கப்பட்ட இவர்களுக்காகப் பேச நாடாளுமன்றத்தில் பலமில்லை. 1974இல் தோட்டங்களில் இறப்பு விகிதம் கடுமையாக ஏறியது. பட்டணங்களில் குடும்பத்தோடு கையேந்தியவர்களைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூடப் பிறந்தவர்கள் எலும்பும் தோலுமாய்ப் போனதைப் பார்த்து வளர்ந்த ஒரு பாட்டி, பேத்தியின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துச் சதை இருக்கிறதென்று மகிழ்ந்தால் அதில் அறியாமை எதுவும் இல்லை.

கிளினிக் தராசு பரவலாக வந்தது இந்தப் பின்னணியில்தான். திரிபோஷா என்ற சத்துமா 1973இல் அறிமுகமாகி, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. பிறகு பிள்ளையின் எடையை மாதந்தோறும் வளர்ச்சி அட்டையில் குறிக்கும் வழக்கம் ஊன்றியது. தொங்கு தராசில் கால்சட்டைபோன்ற துணியில் பிள்ளை ஊசலாட, மிட்வைஃப் அட்டையில் ஒரு புள்ளி வைக்கிறார். பச்சைக்குள் விழுந்தால் தாய் நிமிர்கிறாள்; செம்மஞ்சளில் விழுந்தால் தலை குனிகிறது.

"என்னம்மா குடுக்குற புள்ளைக்கு?"

"எல்லாந்தான் மிஸ் குடுக்குறேன்."

அந்த "எல்லாந்தான்" என்ற சொல்லில் எத்தனை தற்காப்பு! காலை ஏழுக்கு முன்பே மலைக்குப் போகிறவள் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் போகிறாள். ஒரு பிள்ளைக்குக் கிடைத்த திரிபோஷாவை மூன்றுக்குப் பகிர்கிறாள். புள்ளி கீழே விழுந்ததற்கு அவளிடம்தான் விளக்கம் கேட்கப்படுகிறது. மடுவத்தில் எடை குறைந்தால் அரைப்பேர், இங்கே எடை குறைந்தால் கெட்ட பேர். மிட்வைஃப்பின் அக்கறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கால்நடையாய் லயம் லயமாக ஏறி இறங்கும் அந்தப் பெண்கள் காப்பாற்றிய உயிர்கள் கணக்கற்றவை. ஆனாலும் தராசின் முன்னால் நின்று பழகிய ஒரு சமூகத்துக்கு இன்னொரு தராசு தீர்ப்பாகவே தோன்றும் என்பதைச் சுகாதாரத் துறை யோசித்துச் செயற்பட்டதாகத் தெரியவில்லை.

2016ஆம் ஆண்டுத் தேசியச் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 விழுக்காடு. தோட்டத் துறையில் சுமார் 32. "அது அவங்க பரம்பரை, குட்டைச் சாதி" என்று இதற்குச் சிலர் காரணம் சொல்வதுண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் இதையே கேலியாகக் கேட்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் தெற்கு டில்லி, மஸ்கட், அக்ரா, ஒஸ்லோ முதலான ஆறு இடங்களில் நல்ல வசதியோடு வளர்ந்த பிள்ளைகளை அளந்து உருவானவை. உணவும் சுத்தமும் கிடைத்தால் எங்கும் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள் என்பதை அவை காட்டின. லயத்துப் பிள்ளையின் உயரத்தைக் குறைத்தது இரத்தம் அல்ல, கூலியும் குடிதண்ணீரும் தாயின் பசியும்.

புதிய தலைமுறைக்கு வேறொரு அளவுகோலும் வந்திருக்கிறது. கொழும்பில் துணிக்கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு ஊர் வரும் பெண்ணிடம் பாட்டி "தேறிட்டேடி" என்கிறாள். அவள் முகம் சுருங்குகிறது. கைப்பேசியில் அவள் பார்க்கும் முகங்களும் இடைகளும் வேறு. இதை வெறும் பகட்டு என்று பெரியவர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கொழுந்து எடையால் மட்டும் மதிக்கப்பட்ட உடம்பைத் தன் விருப்பப்படி பார்க்க ஆசைப்படும் முதல் தலைமுறைகளில் ஒன்று இது. அந்த ஆசை கடன் வாங்கிய உருவத்தில் வருகிறது என்பதே வருத்தம்.

இதற்கிடையில் சீனிவியாதி லயங்களுக்குள் வந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் மெலிந்திருந்தவர்களுக்கும் வருகிறது, "நான் என்ன குண்டா இருக்கேன், எனக்கு ஏன்?" என்ற கேள்வி எழுகிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கின் ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. 2004இல் அவரும் பிரித்தானியரான யுட்கினும் தங்கள் இருவரையே அளந்து காட்டினார்கள்: இருவருக்கும் உடல் நிறைச் சுட்டெண் 22.3; உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. கருவிலேயே பசித்து, எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளின் உடம்பு தசையை இழந்து கொழுப்பைக் காத்துக்கொள்கிறது என்று அவரது புனே ஆய்வுகள் சொல்கின்றன. எடைத் தராசு இதைக் காட்டாது.

மலையகத்தில் இனி வேண்டிய ஆய்வு கருவில் தொடங்கும் இந்தப் பசியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு பெண்ணின் கர்ப்பப் பதிவேட்டையும் அதே மாதங்களில் தோட்டம் அவளுக்குக் கொடுத்த கொழுந்துக் கணக்கையும் ஒன்றாக விரித்து வைத்துப் படிக்க வேண்டும். எந்த மாதத்தில் அவள் எடை ஏறாமல் நின்றது, அந்த மாதத்தில் எத்தனை நாள் முழுப்பேருக்காக மலையில் நின்றாள், எத்தனை நாள் அரைப்பேரோடு இறங்கினாள் என்று தேதி வாரியாகப் பார்க்க வேண்டும். அப்போது பிள்ளையின் அட்டையில் விழும் செம்மஞ்சள் புள்ளிக்கான விளக்கத்தைத் தாயிடம் மட்டும் கேட்க முடியாது. தோட்ட நிர்வாகமும் கூலி நிர்ணய சபையும் அந்த மேசைக்கு வந்தாக வேண்டும்.