மலாக்கா 1511: முற்றுகையும் தலைமையும்

முன்னுரை

1511ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மலாக்கா நகரம் போர்ச்சுகீசியரிடம் வீழ்ந்தமைக்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் கூறப்படுவதுண்டு. ஒன்று, படையெடுத்து வந்தவரின் பீரங்கி வலிமை. மற்றொன்று, நகருக்குள் இருந்தோரின் காட்டிக்கொடுப்பு. இரண்டாவது காரணம் பேசப்படும்பொழுது ‘கெலிங்’ எனச் சுட்டப்பெறும் தமிழ் வணிகரின் பெயரும் சேர்ந்தே அடிபடுகின்றது. வகுப்பறையில் இவ்வரலாற்றைக் கற்பிக்கும் தமிழாசிரியர் இதனை எளிதில் கடந்து செல்ல இயலாது. எனவே, இரு தரப்புத் தலைமையும் மேற்கொண்ட முடிவுகளை முன்னிறுத்தி இவ்விளக்கங்களை மறுஆய்வு செய்ய இக்கட்டுரையில் முற்படுகின்றோம்.

போருக்கு முந்தைய மலாக்கா

1509ஆம் ஆண்டில் தியோகோ லோப்பஸ் டி செக்குவேரா தலைமையில் மலாக்காவுக்கு வந்த போர்ச்சுகீசியக் கப்பல்கள், தாக்குதலுக்கு அஞ்சித் தம்மவர் சிலரைக் கரையிலேயே விட்டு அகன்றன. சிறைப்பட்டவருள் ருய் டி அராவுஜோ என்பவர் 1510ஆம் ஆண்டு பிப்ரவரியில் நகரின் நிலையை விளக்கி மடல் எழுதினார். கைதிகளுக்கு உதவி, மடல் வெளியே செல்ல வழிசெய்தவராகப் போர்ச்சுகீசியப் பதிவுகள் குறிப்பிடுபவர் நீனா சத்து என்னும் இந்து வணிகர். ‘நீனா’ என்பது ‘நயினார்’ என்பதன் திரிபாகலாம்.

இதே காலத்தில் அரண்மனையும் பிளவுற்றிருந்தது. 1510இல் சுல்தான் மஹ்முட் ஷா தம் பெண்டஹாரா துன் முதாஹிரைக் கொல்வித்தார். ராஜா முதலியார், நீனா சூரதேவன் என்னும் இரு வணிகரிடையே எழுந்த வழக்கே இக்கொலைக்கு இட்டுச் சென்ற குற்றச்சாட்டின் தோற்றுவாய் எனச் ‘செஜாரா மெலாயு’ கூறுகின்றது. துன் முதாஹிரின் குடும்பமும் தமிழ் முஸ்லிம் வழிவந்ததே. ஆகவே, தமிழ் வணிகரை ஒரே மனத்தினரான ஒரு கூட்டமாகக் கருதுவதற்குச் சான்றுகள் இடந்தரவில்லை என்பது கருதத்தக்கது.

பாலமும் இரு தாக்குதல்களும்

மலாக்கா ஆறு நகரை இரண்டாகப் பிரித்தது. தென்கரையில் அரண்மனையும் பள்ளிவாசலும், வடகரையில் உப்பே என்னும் வணிகர் பகுதியும் அமைந்திருந்தன. இரண்டையும் இணைத்த பாலம் ஒன்றே நகரின் உயிர்நாடி. சுல்தானின் காவல் மர அரண்களையும் பீரங்கிகளையும் யானைப்படையையும் சார்ந்திருந்தது. நகர் வீழ்ந்தபின் ஏறத்தாழ 3,000 பீரங்கிகள் கிடைத்தனவாகப் போர்ச்சுகீசியர் எழுதினர். இவ்வெண்ணிக்கை மிகையெனினும், பலவும் சிறியனவெனினும், மலாக்கா வெடிபொருள் அறியாத நகரமன்று என்பது தெளிவு. பீரங்கி மட்டுமே வெற்றியை ஈட்டியது என்னும் கூற்று இங்கேயே வலுவிழக்கின்றது.

ஏறத்தாழ 18 கப்பல்களுடனும் 1,200 வீரருடனும் அஃபோன்சோ டி அல்புகர்க்கு ஜூலைத் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார். கைதிகளை விடுவிக்குமாறு கேட்டு, சுல்தான் காலந்தாழ்த்தியபொழுது துறைமுகக் கப்பல்களுக்குத் தீயிட்டார். கைதிகள் விடுவிக்கப்பட்டதும் இழப்பீடும் கோட்டை கட்ட இடமும் வேண்டினார். ஜூலை 25ஆம் நாள் பாலத்தின் இரு முனைகளையும் தாக்கிக் கைப்பற்றிய அவர், வெப்பத்தாலும் களைப்பாலும் வீரர் சோர்ந்தமையால் அன்றே பின்வாங்கினார்.

இப்பின்வாங்கலுக்குப் பிந்தைய நாள்களே அவருடைய தலைமையை மதிப்பிட ஏற்றவை. 1510இல் கோவாவைக் கைப்பற்றி, சில மாதங்களில் இழந்து, நவம்பரில் மீண்டும் வென்றவர் அவர். பிடித்த இடத்தில் நிலைகொள்ளாத வெற்றி பயனற்றது என்பதை அவர் அறிந்திருந்தார். உயரமான மரக்கலம் ஒன்றைப் பாலத்தருகே செலுத்தத் திட்டமிட்டு, மணற்றிட்டில் அது சிக்கியபொழுது பெருக்குநீருக்காகக் காத்திருந்தார். மலாக்கா வீரர் அதனை எரிக்கத் தீப்படகுகளை அனுப்பினர். ஆகஸ்டு 10ஆம் நாள் அக்கலம் பாலத்தை அடைந்தது. இம்முறை பாலத்தின் மீதே அரண் அமைத்துப் போர்ச்சுகீசியர் நிலைகொண்டனர். நகரின் இரு பகுதிகளும் துண்டிக்கப்பட்டன. ஆகஸ்டு 24ஆம் நாள் நகர் முழுமையும் அவர் வசமாயிற்று. நீனா சத்துவின் உடைமைகள் கொள்ளையிலிருந்து விலக்கப்பட்டன.

சுல்தானின் கணிப்பு

வந்தவர் கொள்ளையடித்துவிட்டுச் சென்றுவிடுவர் எனக் கருதியே சுல்தான் உள்நாட்டிற்குப் பின்வாங்கினார் என்று வரலாற்றாசிரியர் கொள்வர். அது பொருந்தாத கணிப்பன்று. ஆயின், பள்ளிவாசல்களின் கற்களையும் அரச கல்லறைகளின் கற்களையும் கொண்டு ‘ஆ ஃபாமோசா’ கோட்டை எழுந்தபொழுது அக்கணிப்பு பொய்த்தது. அதன் பின்னரும் அவர் பிந்தானிலிருந்து 1526 வரை போரைத் தொடர்ந்தார். 1528இல் கம்பாரில் மறைந்தார். இத்துணை நீண்ட எதிர்ப்பை ஒரே நாளில் முடிந்த தோல்வியாகச் சுருக்குதல் முறையன்று.

முடிவுரை

நீனா சத்து புதிய ஆட்சியில் பெண்டஹாரா பதவி பெற்றார். 1514இல் அப்பதவி கம்பார் அரசருக்கு அளிக்கப்பட்டபொழுது தீப்பாய்ந்து உயிர்நீத்தார் எனப் பதிவுகள் கூறுகின்றன. அவர் உதவியது உண்மை. அதனை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், ஒரு வணிகரின் செயலை ஓர் இனத்தின் இயல்பாக்குவது வரலாறாகாது. ஜாவானிய வணிகரான உத்திமுத்தி ராஜாவும் படையெடுத்தவருடன் உறவாடினார். பின்னர் அவர்களாலேயே கொல்லப்பட்டார். சீன வணிகரும் படகு தந்து உதவினர். தத்தம் வணிகத்தைக் காக்க முயன்ற பல்வேறு குழுவினரைத் தன்பால் ஈர்த்துவைக்க இயலாத அரசும், பாலம் ஒன்றின் பெறுமதியை உணர்ந்து காத்திருந்த படைத்தலைவரும் எதிர்நின்ற போர் இது. மாணவரிடம் ‘யார் காட்டிக்கொடுத்தது?’ என வினவுவதை விட, ‘நகரைத் தம்முடையதாகக் கருத அங்கு வாழ்ந்தோர்க்கு என்ன காரணம் இருந்தது?’ என வினவுவதே பயன்தரும் என்பது நம் துணிபு.