பெட்டி இரும்பா, பிளாஸ்டிக்கா?

என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். புதுச்சேரியில் அப்படிப்பட்ட வீடுகள் பல உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். இந்தோசீனாவில் அவர் தோளில் கிடந்த துப்பாக்கி மாஸ்-36. "சேத்துல போட்டு மிதிச்சாலும் எடுத்துத் தொடச்சிட்டுச் சுடலாம்டா" என்று திண்ணையில் உட்கார்ந்து பெருமையடிப்பார். எண்பதுகளில் ஒரு நாள், பிரான்ஸின் புதிய துப்பாக்கியான ஃபாமாஸின் படத்தை ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் காட்டினேன். 1978-ல் ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி அது. பார்க்க ஊதுகொம்பு மாதிரி இருப்பதால் வீரர்கள் அதை 'கிளேரோன்' என்றே அழைத்தார்கள். அதன் வெளிக்கூடு பிளாஸ்டிக் என்று சொன்னதும் பெரியப்பா கேட்டது ஒரே கேள்வி: "எந்தத் திருவிழாக் கடையில வாங்கினாங்களாம்?"

அவர் சிரித்தது சரிதானா என்று பல வருஷம் கழித்துத்தான் படித்துப் பார்த்தேன். பாதி சரி, பாதி தப்பு.

துப்பாக்கியின் நடுவே ஒரு பெட்டி உண்டு. ஆங்கிலத்தில் ரிசீவர் என்பார்கள். குழல் ஒரு முனையில் வந்து சேரும். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட் அதற்குள் முன்னும் பின்னும் ஓடும். மாஸ்-36-இல் அந்த போல்ட்டைப் பூட்டும் காதுகள் அதன் பின்பக்கம் இருக்கின்றன. அவை பெட்டியிலேயே மாட்டிக்கொள்கின்றன. சுடும்போது பின்னால் வரும் உதை முழுவதையும் பெட்டிதான் தாங்கியாக வேண்டும். அங்கே எஃகைத் தவிர வேறு எதையும் வைக்க முடியாது. பெரியப்பா சொன்னதில் சரியான பாதி இதுதான்.

பிற்காலத்துத் துப்பாக்கிகள் பலவற்றில் போல்ட்டின் தலை நேராகக் குழலின் பின்முனையில் உள்ள எஃகு வளையத்தில் பூட்டிக்கொள்கிறது. வெடிப்பின் விசை எஃகுக்கும் எஃகுக்கும் இடையிலேயே முடிந்துவிடும். பெட்டிக்கு மிஞ்சுவது எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் பிடித்து வைக்கும் வேலை. அதற்கு அலுமினியம் போதும், பாலிமரும் போதும் என்ற எண்ணம் பிறந்தது இப்படித்தான்.

இரும்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றும் இல்லை. ரஷ்யாவின் ஏகே துப்பாக்கி முதலில் தகட்டை அழுத்திச் செய்த பெட்டியோடுதான் வந்தது. கோணலும் குறையுமாகப் பல பெட்டிகள் கழிக்கப்பட்டன. அதனால் 1950-களின் தொடக்கத்தில் முழு எஃகுக் கட்டியைக் குடைந்து செய்தார்கள். தகட்டு வேலையில் கை தேர்ந்த பிறகு, 1959-ல் ஏகேஎம் வந்தபோது மீண்டும் தகட்டுக்கே போனார்கள்.

அதே 1959-ல் அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனம் 'நைலான் 66' என்ற சிறு துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கட்டையும் பெட்டியும் சேர்ந்து நைலான் வார்ப்பு. எடை 2 கிலோவுக்கும் குறைவு. அதை வைத்து டாம் ஃப்ரை என்பவர் மேலே வீசிய மரத்துண்டுகளில் 1 லட்சத்துக்கு மேல் சுட்டார்; தவறியவை 6 மட்டுமே. அந்தத் துப்பாக்கி 10 லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் அதன் தோட்டா மிகச் சிறியது. சூடும் குறைவு, உதையும் குறைவு.

பெரிய பரீட்சை ஜெர்மனியில் நடந்தது. 1990-களின் பிற்பகுதியில் அந்நாட்டு ராணுவம் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனத்தின் ஜி36 துப்பாக்கியை ஏற்றது. கண்ணாடி இழை கலந்த பாலிமர் பெட்டி. குழல் உட்காரும் இடத்தில் உள்ளே புதைத்த உலோகம். இதற்கு முன்பு சுமந்த ஜி3-ஐ விட எடை குறைவு, துருவும் பிடிக்காது. வீரர்களுக்குப் பிடித்துப்போனது. லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வாங்கினார்கள்.

பிறகு ஆப்கானிஸ்தான் போர் வந்தது. அங்கே மணிக்கணக்கில் சண்டை. இடைவிடாமல் சுட வேண்டிய நிலை. குழல் கொதித்தது. அந்தச் சூடு அதைப் பிடித்திருந்த பாலிமருக்கு ஏறியபோது பெட்டி உடையவில்லை, கொஞ்சம் நெகிழ்ந்தது. குழல் பார்க்கும் திசை மயிரிழை அளவு மாறினாலும் 200 மீட்டருக்கு அப்பால் குறி தப்பிவிடும். 2015 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா வான் டெர் லெயன், இப்போதுள்ள வடிவில் ஜி36-க்கு எதிர்காலம் இல்லை என்று அறிவித்தார். அந்த ஆண்டே ஒரு விசாரணைக் குழு, இந்தக் குறையால் எந்த ஜெர்மன் வீரரும் பாதிக்கப்பட்டதாகச் சான்று இல்லை என்றது. 2016-ல் கோப்லென்ஸ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஒப்பந்தத்தில் கேட்டபடிதான் துப்பாக்கி இருந்தது என்பதே அதன் சாரம்.

இந்த இடத்தில் என்னுள் இருந்த பழைய குமாஸ்தா நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு அலுவலகத்தில் நான் டெண்டர் பார்த்த காலத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கினோம். உயரம், அகலம், நிறம், விலை எல்லாம் குறிப்பில் எழுதினேன். மேற்கு வராந்தாவில் வெயிலில் கிடக்கும் என்று எழுதவில்லை. இரண்டு கோடையில் நிறம் வெளுத்து, கால்கள் விரிந்து, ஒரு முதியவர் கீழே விழுந்தார். எல்லாரும் பிளாஸ்டிக்கைத் திட்டினார்கள். தப்பு என் பேனாவில் இருந்தது. அதை அன்று நான் வாய் திறந்து சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

இரும்புக்குப் பகை துரு, பாலிமருக்குப் பகை சூடும் வெயிலும், அலுமினியம் நடுவில் நிற்கிறது. ஃபாமாஸுக்குப் பதிலாக 2017 முதல் பிரான்ஸ் வாங்கிவரும் ஹெச்கே416-ம் அலுமினியப் பெட்டிதான். ஜெர்மனியும் கடைசியில் அந்தக் குடும்பத்துத் துப்பாக்கியையே தேர்ந்தெடுத்தது. எது உறுதி என்று மட்டும் கேட்டால் பதில் வராது. எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எதைத் தாங்க வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பெரியப்பா இருந்திருந்தால் இதையெல்லாம் முழுக்கக் கேட்டுவிட்டு, "அதுக்குத்தான் நான் அப்பவே இரும்புன்னேன்" என்று சொல்லியிருப்பார். அவரிடம் நான் ஒரு நாளும் ஜெயித்ததில்லை.